கம்பெனி விலாசத்துக்கு முன்னால் இருந்த இரண்டு பத்தி

திங்கட்கிழமை, காலை

மகள் வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு, ரொட்டிக்கடை மாவுக்காரன் தன் கையாலேயே எழுதுவது.

நான் நலம். மூச்சும் நலம். நீயும் மகளும் மாப்பிள்ளையும் பேத்தி சின்னவளும் நலமாக இருக்க வேண்டும்.

யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைத்துவிடாதே. வேறு யாராவது எழுதியிருந்தால் வரிகள் இப்படிப் படியிறங்கிப் போகாது. மேலே உள்ளதை முடிப்பதற்குள் ஒரு டம்ளர் டீ ஆறிவிட்டது. நாற்பத்தொரு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே நேற்றுப் பொழுது போய்விட்டது. உன்னை 'இந்தா' என்றும் 'எங்க போன' என்றும் 'காது கேக்குதா' என்றும்தான் கூப்பிட்டுப் பழக்கம். இதில் எதையும் கடிதத்தின் தலையில் வைக்க முடியாது என்று வாத்தியாரம்மா சொல்லிவிட்டார்.

வாத்தியாரம்மா பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிமனை கேன்டீனில், மதியச் சாப்பாடு முடிந்து மேசைகளைத் துடைத்த பிறகு எங்களுக்கு வகுப்பு எடுக்கிறார். நாங்கள் ஏழு பேர், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். நோட்டுப் புத்தகத்தை நீட்டினால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, டிக்கெட் வாங்காமல் ஏறியவனைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்ப்பார். வாசிக்கும்போது கஷ்டமான சொல்லை நான் நைசாகத் தாண்டினால், “பெரியவரே, நடுவுல ரெண்டு ஸ்டாப்பக் காணோமே, வண்டி பறந்து வந்துச்சா?” என்பார். பக்கத்தில் உட்காரும் கண்ணாடி வெட்டுபவர் சிரிப்பார். அவர் முறை வரும்போது நான் சிரிப்பேன்.

ஆனால் நான் படிக்கப் போன காரணம் சிரிக்கக் கூடியது இல்லை. அதை உன்னிடம் சொன்னதில்லை, உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன்.

கல்யாணமான மறுவாரத்திலிருந்து எனக்கு எல்லாவற்றையும் நீதான் வாசித்துச் சொன்னாய். சாயங்காலச் செய்தித்தாள், மகளின் கடிதங்கள், குழாயில் தண்ணீர் வராது என்ற அறிவிப்பு, மருந்துச் சீட்டு. போன வருஷம் ஆஸ்துமா முற்றி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தேனே, அதற்குப் பிறகு எனக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. நீ பக்கத்தைச் சீக்கிரமாகப் புரட்டுகிறாய், எதையோ மறைக்கிறாய், மகளும் நீயும் சேர்ந்து ஏதோ திட்டம் போடுகிறீர்கள் என்று. தூக்கம் கெட்டது. கை நடுங்கியது. ஒருநாள் வானிலைச் செய்தியைக் கேட்டு அழுதேன், ஞாபகம் இருக்கிறதா? எங்கோ கடலில் காற்றழுத்தம் குறைந்ததற்கு நான் எதற்கு அழுதேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம். கீழே சைக்கிள் கடை வைத்திருப்பவரின் மனைவி நம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே உன் கையிலிருந்து செய்தித்தாளைப் பிடுங்கி, “நீ வாசிக்கிறதெல்லாம் பொய்” என்று கத்தினேன். உன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தேன். நீ இறங்கிப் போய் எடுத்து வந்து, துடைத்து, விரிசலோடேயே போட்டுக்கொண்டாய். அடுத்த வாரம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று மகள் வீட்டுக்குப் புறப்பட்டாய். இரண்டு மாதத்தில் வருவதாகச் சொன்னாய். ஐந்து மாதம் ஆகிறது. மாப்பிள்ளை பின்னறையைக் காலி செய்து உனக்கென்று ஒரு கட்டில் போட்டிருப்பதாக மகள் போனில் சொன்னாள். அடுத்த மாதக் கடைசியில் சின்னவள் பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பிக்கிறாளாம். அங்கேயே தங்கிவிடுவதா, இங்கே வருவதா என்று அப்போது அம்மா முடிவு செய்வாள் என்றும் சொன்னாள். நான் சரி என்றேன். 

இப்போது நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். இரண்டு நாளாக இதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

பாடப் புத்தகம் முடிந்துவிட்டது. வீட்டில் எழுத்து உள்ள பொருள் எதையாவது வாசித்து வாருங்கள் என்றார் வாத்தியாரம்மா. சோப்பு உறையை வாசித்தேன். கடிகாரத்தின் முதுகை வாசித்தேன். பிறகு பழுப்பு நிற இன்ஹேலர் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்தேன். விரித்தால் தலையணை உறை அளவுக்கு வருகிறது. எழுத்தோ எறும்பு அளவு. தினம் ஐந்து வரி என்று பதினொரு நாள் வாசித்தேன்.

அந்தத் தாளை நீ வாசித்துக் காட்டியது எனக்கு மனப்பாடம். எழுதத் தெரியாதவனுக்கு மண்டைதானே நோட்டுப் புத்தகம். குலுக்கவும், மூச்சை வெளியே விடவும், அழுத்தியபடி உள்ளே இழுக்கவும், பத்து எண்ணும்வரை அடக்கவும், பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பவும். “அவ்வளவுதான், மீதியெல்லாம் கம்பெனி விலாசம்” என்றாய். நான் விரலை வைத்து அதே பாதையில் வந்தேன். குலுக்குவது இருந்தது. கொப்பளிப்பது இருந்தது. கம்பெனி விலாசமும் இருந்தது. கொப்பளிப்பதற்கும் கம்பெனிக்கும் நடுவில் இன்னும் இரண்டு பத்தி இருந்தது.

அதைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்: 'சிலருக்குத் தொண்டைக் கரகரப்பும் வாயில் வெண்புண்ணும் வரலாம். அரிதாகச் சிலருக்குத் தூக்கமின்மை, பதற்றம், எரிச்சல், மனச்சோர்வு, நடத்தையில் மாற்றம் ஏற்படலாம். அதிக அளவில் நீண்ட நாள் எடுத்துக்கொள்ளும்போது இதற்கு வாய்ப்புக் கூடலாம். அப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் தெரிவிக்கவும். தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.'

'நடத்தையில் மாற்றம்' என்ற இரண்டு சொல்லுக்கு எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. வாசித்து முடித்ததும் திரும்பிப் பார்த்தேன், அறையில் யாராவது நிற்கிறார்களா என்று. எங்கோ தொலைவில் மருந்து செய்கிறவனுக்கு, நான் வானிலைச் செய்திக்கு அழுதது எப்படித் தெரிந்தது?

வகுப்பில் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி வெட்டுபவர் பாதி வாசித்துவிட்டு, “தூக்கிச் சாக்கடைல போடுங்கண்ணே, மனுஷன இப்படியா ஆட்டி வைக்கும் ஒரு மருந்து” என்றார். வாத்தியாரம்மா, “கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் இருக்கு, நடுவுல எறங்காதீங்க, முழுசா வாசிங்க” என்றார். கடைசி வரி நிறுத்தக் கூடாது என்கிறது. அதனால் நிறுத்தவில்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறேன். கவலைப்படாதே.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. இதைக் கோபமாகக் கேட்கவில்லை. கையெழுத்தில் குரல் தெரியாது என்பதால் எழுதிக் காட்டுகிறேன், கோபம் இல்லை. அந்த இரண்டு பத்தியை ஏன் விட்டாய்?

சின்னவளின் இரண்டு கன்னத்தையும் என் சார்பில் கிள்ளவும்.

விரல் வலிக்க எழுதிய,
உன் வீட்டுக்காரன்


செவ்வாய்க்கிழமை

என் கடிதத்தை மதித்துப் பதில் போட்ட மகராசிக்கு,

உன் அஞ்சலட்டை வந்தது. தபால்காரர் படியேறி வந்து, வழக்கம்போல் “வாசிச்சுச் சொல்லட்டுமா பெரியவரே?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் வாசிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வாசித்தேன்.

மூன்றே வரி எழுதியிருக்கிறாய். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒன்று. மருந்தை வேளை தவறாமல் எடுங்கள் என்று ஒன்று. மூன்றாவது வரி: 'அந்தப் பத்தியை நான் வாசித்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.'

யோசித்துப் பார்த்தேன். முதல் நாள், உனக்கு நன்றி சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. இரண்டாம் நாள் ரொட்டிக்கடைப் பக்கம் நடந்து போகும்போது அந்த எண்ணம் எனக்கே சிரிப்பாக வந்தது. “என்னப் பைத்தியக்காரன்னு சொல்றியா?” என்று கேட்டிருப்பேன். டப்பாவை எறிந்திருப்பேன். பிடிவாதத்துக்கு ஒரு வாரம் மருந்தே எடுக்காமல் கிடந்து, மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பேன். ஆக, என் உயிரைக் காப்பாற்றத்தான் நீ அதை விட்டிருக்கிறாய். உன் மூன்று வரிக்கு நான் கண்டுபிடித்த அர்த்தம் இது. சரிதானா என்று எழுது.

டாக்டரிடம் போன கதையைச் சொல்கிறேன். பழைய டாக்டர் மாறிவிட்டார். இப்போது இருப்பது ஒரு சின்னப் பெண், காதில் பேனா செருகியிருக்கிறார், அதை மேசையெல்லாம் தேடுகிறார். நான் தாளை விரித்து, அந்த வரியில் விரலை வைத்து, சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் நடுவில் நிறுத்தவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், நான் வாசிக்கும் வேகம் உனக்குத் தெரியாது, ஆனாலும் கடைசிவரை கேட்டார். அப்புறம் கேள்வி கேட்டார். நீல நிற இன்ஹேலரை ஒரு நாளைக்கு எத்தனை முறை அடிப்பீர்கள்? தோன்றும்போதெல்லாம், எட்டுப் பத்து முறை இருக்கும் என்றேன். “அய்யோ, அது மூச்சு முட்டும்போது மட்டுங்க. அவ்ளோ அடிச்சா கை நடுங்காம என்ன செய்யும்? நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்குமே” என்றார். அடித்தது என்றேன். அதை நான் உன் மேல் உள்ள சந்தேகம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு பழுப்பு. ஆஸ்பத்திரியில் அதன் அளவைக் கூட்டினார்களே, அது ஆறு வாரத்துக்குத்தானாம். அதற்குப் பிறகு போய்க் காட்டிக் குறைத்திருக்க வேண்டுமாம். நீ இரண்டு முறை சொன்னாய், போகலாம் வாங்க என்று. “நல்லா இருக்கும்போது டாக்டர் எதுக்கு?” என்று நான்தான் படுத்துக்கொண்டேன். இதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன்.

ஒரு குழாயில் ஊதச் சொன்னார். முள் நன்றாக ஏறியது. அதனால் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். இன்ஹேலரை நேராக வாயில் வைக்காமல், பால் புட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குழலில் செருகி அதன் வழியாக இழுக்க வேண்டுமாம். பார்ப்பதற்கு நான் ஏதோ வாத்தியம் வாசிப்பதுபோல் இருக்கிறது. “நிறுத்திட மட்டும் கூடாது, உங்க நெஞ்சு நல்லா இருக்கறதே இதனாலதான். மூச்சு பழையபடி இறுக்கினா உடனே வரணும்” என்று மூன்று முறை சொன்னார்.

எனக்கு வேண்டியது வேறு கேள்வி. கண்ணாடியை ஜன்னலுக்கு வெளியே எறிந்தது நானா, மருந்தா என்று கேட்டேன். டாக்டர் பேனாவைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி செருகிக்கொண்டார். “தெரியலைங்க” என்றார். “நிறையப் பேருக்கு இந்த மருந்தால ஒண்ணுமே ஆகறதில்ல. சிலருக்கு ஆகும். மூச்சு சரியில்லன்னா தூக்கம் போகும், தூக்கம் போனா மனசு போகும், அதுவும் இருக்கு. உங்க சுபாவம் எப்படின்னு எனக்குத் தெரியாது. குறைச்சுப் பாத்துத்தான் சொல்ல முடியும். நீங்களும் பாருங்க, தினம் எழுதி வைங்க.”

ஒரு டாக்டர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஆக, இப்போது எனக்கு வீட்டுப்பாடம் இரண்டு. வாத்தியாரம்மா கொடுப்பது ஒன்று, டாக்டர் கொடுத்தது ஒன்று. தினமும் எப்படித் தூங்கினேன், மனசு எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். முதல் நாள் உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், மனசைப் பற்றி என்னிடம் இருந்தது இரண்டே சொல்தான். ஒன்று 'கோபம்', இன்னொன்று 'ஒண்ணுமில்லை'. அறுபத்தெட்டு வருஷத்தை இந்த இரண்டை வைத்தே ஓட்டியிருக்கிறேன்.

வாத்தியாரம்மாவிடம் போய் எனக்கு மனசுக்கான சொற்கள் வேண்டும் என்றேன். அவர் கேன்டீன் பலகையில் எழுதிப்போட்டார். எரிச்சல், சலிப்பு, சோர்வு, பதற்றம், ஏக்கம், கலக்கம், நிம்மதி, குதூகலம். அன்றைக்கு வகுப்பே நடக்கவில்லை, சண்டைதான் நடந்தது. சலிப்பும் சோர்வும் ஒன்றுதான் என்கிறார் கண்ணாடி வெட்டுபவர். “சோர்வுன்னா படுத்தா போயிடும், சலிப்புன்னா படுத்தாலும் கூடவே படுக்கும்” என்றார் கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்மா. அவர் எங்கள் மாணவியே இல்லை. தட்டைத் துடைத்தபடி நின்று சொன்னார். வாத்தியாரம்மா அவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டார். இப்போது நாங்கள் எட்டுப் பேர்.

நோட்டுப் புத்தகத்திலிருந்து உனக்குக் கொஞ்சம் எழுதுகிறேன். மூன்றாம் நாள்: தூக்கம் அரைகுறை, காரணமில்லாத கலக்கம், பத்து மணிக்குப் போய்விட்டது. எட்டாம் நாள்: நல்ல தூக்கம், எரிச்சல், ஆனால் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது, பல் வலி. பன்னிரண்டாம் நாள்: நல்ல தூக்கம், வானிலைச் செய்தி கேட்டேன், அழுகை இல்லை. பதினாறாம் நாள்: ஏக்கம். எதற்கு என்று எழுதவில்லை. டாக்டர் கேட்கவில்லையே.

நான் மாறிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மருந்துதான் அத்தனைக்கும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை மகளிடமும் சொல். உன் முடிவுக்கு இது உதவும்.

மருந்து இறங்கி, தூக்கம் ஏறிய,
உன் வீட்டுக்காரன்


ஞாயிற்றுக்கிழமை. ஆரம்பித்தது புதன்கிழமை

என்னோடு நாற்பத்தொரு வருஷம் இருந்தவளுக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாகத்தான் இருக்கிறேன், ஆனால் இந்தக் கடிதம் போன கடிதத்தைப் போல இருக்காது.

மகள் போன் செய்தது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. நீ சின்னவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரம் என்றாள். “மருந்து மேல பழியப் போட்டாச்சாப்பா? ரொம்ப வசதியாப் போச்சு” என்று ஆரம்பித்தாள். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “மருந்து வந்து ரெண்டு வருஷம். எனக்கு வயசு முப்பத்திரெண்டு. மேல் அலமாரில பிஸ்கட் டின்ல என் பழைய லெட்டரெல்லாம் இருக்கும். இப்பதான் வாசிக்கத் தெரியுமே, எடுத்து வாசிங்க. அம்மா வாசிச்ச மாதிரியே இருக்கான்னு பாருங்க” என்றாள். வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி மணி அடித்தது. “மூச்சு எப்படி இருக்கு?” என்றாள். நல்லா இருக்கும்மா என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

டின்னை இறக்கினேன். அவள் தொழிற்பயிற்சிக்குப் போய் விடுதியில் இருந்த வருஷத்துக் கடிதங்கள், பதினான்கு. போனில் பேசினால் நான் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்பதால்தான் அவள் கடிதம் எழுதினாள் என்று இப்போது புரிகிறது. பன்னிரண்டு வருஷமாக அந்த டின் பூட்டு இல்லாமல் என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. என்னை வைத்துக்கொண்டு பூட்ட வேண்டிய அவசியம் இல்லையே.

உன்னைக் கேட்காமல் வாசித்தது தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நீ எனக்கு வாசித்துச் சொன்னவைதானே என்று எடுத்தேன்.

இரண்டாவது கடிதம். நீ வாசித்தது எனக்கு நினைவிருக்கிறது: 'இங்கே விடுதியில் கதவெல்லாம் நல்ல கெட்டி மரம். எல்லோரும் பிரியமாக இருக்கிறார்கள். அப்பா நன்றாகத் தூங்குகிறாரா?' அந்தக் கெட்டி மரக் கதவைப் பற்றி நான் ரொட்டிக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன். என் மகள் இருக்கும் இடத்தில் கதவுகூட அப்படி என்று அடுப்புக்காரரிடம் பெருமை அடித்தேன்.

அதில் எழுதியிருப்பது இது: 'இங்கே எல்லோரும் கதவைப் படார் படார் என்று சாத்துகிறார்கள், யாரும் யாரையும் திட்டுவதில்லை. முதல் வாரம் ஒவ்வொரு சத்தத்துக்கும் என் தோள் தானாகத் தூக்கிக்கொண்டது. பக்கத்துக் கட்டில்காரி என்ன என்று கேட்டாள், சொல்லத் தெரியவில்லை. அம்மா, நீ இன்னும் மதியத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படி ஏறுகிறாயா?'

இதை நான் புதன்கிழமை வாசித்தேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வரை ஒரு வரியும் எழுத முடியவில்லை.

நான் மாவு பிசைந்துவிட்டுப் பதினோரு மணிக்கு வந்து படுப்பேன். நான்கு மணி வரை வீடு அமைதியாக இருக்கும். எவ்வளவு அமைதியான வீடு, எவ்வளவு நல்ல மனைவி, மகள் என்று நினைத்துக்கொண்டே தூங்குவேன். அந்த அமைதியை நீங்கள் இருவரும் கையில் செருப்போடு தூக்கிச் சுமந்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. ஒருமுறை அவள் ஒரு டம்ளரைக் கீழே போட்டாள், அவளுக்கு அப்போது ஏழு வயது. நான் எழுந்து வந்து நின்றேன். அடிக்கவில்லை, நின்றேன். அவள் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஆஸ்துமாவும் இல்லை, இன்ஹேலரும் இல்லை.

பதினான்கையும் வாசித்துவிட்டேன். 'அப்பா' என்ற சொல் வரும் இடங்களில் எல்லாம் நீ வாசித்ததும் அங்கே இருப்பதும் வேறு வேறு. ஒன்றே ஒன்றைத் தவிர. ஒன்பதாவது கடிதத்தில், அப்பா தாளில் சுற்றிக் கொண்டுவரும் சூடான ரொட்டியின் முனைத்துண்டு இங்கே எங்கும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாள். அதை மட்டும் நீ ஒரு சொல்கூட மாற்றாமல் வாசித்திருக்கிறாய். இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், இரண்டு முறையும் வாசித்தாய்.

உன் அஞ்சலட்டையின் மூன்றாவது வரிக்கு நான் போன கடிதத்தில் ஓர் அர்த்தம் எழுதினேன். அதை அடித்துவிடு. என் உயிரைக் காப்பாற்ற நீ அந்தப் பத்தியை விடவில்லை. எனக்குக் கோபம் வரக்கூடிய எதையும் என்னிடம் வாசிக்க உனக்கு வாய் வராது, கல்யாணமான மறுவாரத்திலிருந்தே. ஒன்றைத் தாண்டும்போது இன்னொன்றும் சேர்ந்து போகும், பழக்கம் அப்படி. என் கோபத்துக்குப் பயந்து நீ விட்ட இடத்தில்தான், என் கோபம் ஏன் கூடியது என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். உன்னால்தான் இது நடந்தது என்று நீ ஒருநாளும் நினைக்கக் கூடாது. வாசிக்கிறவள் மேல் தப்பே இல்லை. கேட்கிறவன் அப்படி உட்கார்ந்திருந்தான்.

நீ வாசித்ததெல்லாம் பொய் என்று அன்றைக்குக் கத்தினேன். சந்தேகம் சரிதான் என்று இப்போது தெரிகிறது. சரியாக இருந்தும் அதனால் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது, நேற்று. அதையும் எழுதினால்தான் கணக்கு நேராகும். நேற்று மதியம் படுத்திருந்தேன். நன்றாகத் தூங்கி எழுந்த நாள். மூச்சு சீராக இருக்கிறது. மருந்து குறைந்து ஆறு வாரம் ஆகிறது, கை நடுக்கம் இல்லை. கீழே சைக்கிள் கடைக்காரர் இரும்பைத் தட்ட ஆரம்பித்தார். டங் டங் என்று ஒரே சீராக. எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். கத்துவதற்கு வாய் திறந்துவிட்டது. திறந்த வாயோடு நின்றேன். இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். பழைய ஆள்போல, வழி கேட்காமல் நேராக வந்து நின்றது. மருந்து வருவதற்கு முன்பே இந்த வீட்டில் இருந்தவன் இவன். அந்தச் சில மாதம் நான் பார்த்த கோபம் வேறு மாதிரி, நெஞ்சு படபடத்து, யார் என்றே தெரியாமல் வரும். இது அப்படி இல்லை. இதன் முகம் எனக்குத் தெரியும்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினேன்: 'நல்ல தூக்கம். மூச்சு சரி. கோபம் வந்தது. இது என்னுடையது.'

பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்கு மேல் வீட்டுப்பாடம் இல்லையே. கீழே இறங்கிப் போய், என்ன தட்டுகிறீர்கள் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. அவர் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “திட்ட வந்தீங்கன்னா திட்டிட்டுப் போங்க, மத்தியானத்துல இதுதான் வழக்கம். என்ன தட்டுறேன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?” என்றார். வளைந்த சக்கரத்தை நேராக்குகிறாராம். சுற்றிவிட்டு, எங்கே உரசுகிறது என்று பார்த்து, அங்கே மட்டும் தட்ட வேண்டுமாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அவர் மனைவி டீ கொடுத்தார். எப்ப வர்றாங்க என்று உன்னைப் பற்றிக் கேட்டார். தெரியவில்லை என்றேன். டாக்டரிடமிருந்து கற்றுக்கொண்டது.

எனக்கு மருந்து எவ்வளவு, நான் எவ்வளவு என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாவில் கலந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. கொஞ்சம் மருந்தாக இருக்கலாம். நிறைய நான்தான். போன கடிதத்தில் எல்லாம் மருந்து என்று எழுதினேன், அதை வைத்து நீ எந்த முடிவும் செய்துவிடாதே என்று சொல்லத்தான் ஐந்து நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வந்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன், அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டில் நீ செருப்போடு நடக்கிறாய் என்றால், சத்தம் கேட்டால் உன் தோள் தூக்கிக்கொள்வதில்லை என்றால், அந்தப் பின்னறை நல்ல அறைதான், அங்கேயே இரு. நான் நோட்டுப் புத்தகத்தோடு இருந்துகொள்வேன். மாதம் ஒருமுறை வந்து உன்னையும் சின்னவளையும் பார்த்துவிட்டுப் போக அனுமதி கொடு.

இங்கே வருவதாக இருந்தால், மதிய வண்டியிலேயே வா. படியில் சத்தமாக ஏறி வா.

எதுவாக இருந்தாலும் எனக்கு எழுது. இனிமையாக எழுத வேண்டாம். நாற்பத்தொரு வருஷம் தாண்டிப் போனதையெல்லாம் எழுது, எத்தனை பக்கம் ஆனாலும் சரி. மெதுவாகத்தான் வாசிப்பேன். முழுவதும் வாசிப்பேன்.

நீயும் மகளும் நன்றாக இருக்க வேண்டும். சின்னவள் கதவைப் படார் என்று சாத்தி வளர வேண்டும்.

உன் பதிலுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்